கழுதைப் பல் கேட்ட ஆரோக்கியசெல்வி

பதிவேட்டில் தன் பெயருக்குக் கீழே இருந்த வரியை ஷமீமா மூன்றாவது முறையாகப் படித்தாள். ஆரோக்கியசெல்வி, அனுமந்தை. அவள் கேட்டிருந்ததும் ஷமீமா கேட்ட அதே கட்டுரை.

"யாரு சார் இது?"

நூலகர் தங்கராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வாசகர் மேடம்."

"அது தெரியுது. உப்புத்தண்ணியில மெக்னீசியம் பிரிக்கிறது அவங்களுக்கு எதுக்கு?"

"அதெல்லாம் நாங்க கேக்கக் கூடாதுங்க மேடம்." சொல்லிவிட்டு அவர் அவசரமாகப் பதிவேட்டை மூடினார். அந்த அவசரம் ஷமீமாவுக்குப் பிடிக்கவில்லை.

அவள் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. மரக்காணம் உப்பளங்களில் உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரைப் பற்றி ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அதற்குள் வேறு யாராவது அதையே எழுதிவிட்டால் ஆறு வருடமும் கடலில் போட்ட மாதிரி.

அவளுக்கு வேண்டிய பழைய கட்டுரைகள் இணையத்தில் முதல் பக்கத்தைக் காட்டிவிட்டுப் பூட்டிக்கொள்ளும். மரக்காணத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இந்தச் சின்ன நூலகத்தில் படிவம் எழுதிக் கொடுத்தால், சென்னையில் ஒரு பெரிய நூலகத்திலிருந்து நகல் வரும். ஆளுக்கு வருடத்துக்கு ஆறு கட்டுரைதான். அதில் இரண்டை ஷமீமா வாங்கிவிட்டாள். ஆரோக்கியசெல்வியும் வாங்கிவிட்டாள், அதே இரண்டை.

"அவளும் பிஎச்டி பண்றாளோ என்னவோ" என்றான் கணவன் ரயான். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவன்.

"அதே தலைப்பு, அதே பக்கம், ஒரு நாள் தள்ளிக் கேக்குறா. என்னைப் பாத்துத்தான் எழுதுறா."

"அப்ப சம்பந்தமே இல்லாத ஒண்ணைக் கேட்டுப் பாரு. காப்பி அடிக்கிறாளான்னு தெரிஞ்சிடும்."

மறுநாள் ஷமீமா எழுதிக் கொடுத்த படிவத்தைத் தங்கராசு இரண்டு தடவை படித்தார்.

"கழுதைங்களோட கடைவாய்ப் பல் தேய்மானமா மேடம்?"

"ஆமா சார். ரொம்ப அவசரம்."

மூன்று நாள் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தாள். ஆரோக்கியசெல்வி, அனுமந்தை. கழுதைப் பல்.

ஷமீமா இன்னொரு படிவம் எடுத்தாள். சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாதென்று ஒட்டகக் கொட்டாவியைப் பற்றி ஒன்று கேட்டாள். திமிங்கிலம் தூங்குவதைப் பற்றி இன்னொன்று கேட்டாள். ஆரோக்கியசெல்வி இரண்டையும் விடவில்லை.

"மாட்டினா பாத்தீங்களா!" என்று வீட்டில் வந்து சொன்னாள்.

"சரி, இன்னும் எத்தனை கட்டுரை கேக்கலாம் நீ?"

அப்போதுதான் உறைத்தது. ஆறில் ஐந்து போய்விட்டது. மிச்சமிருப்பது ஒன்றுதான். அவளுடைய நான்காம் அத்தியாயமே ஓர் அறுபது வருடத்துப் பழைய கட்டுரையை நம்பி நின்றது. இப்போது கேட்டால் அதுவும் அந்த அனுமந்தைக்காரி கைக்குப் போய்விடும்.

ஒரு மாதம் எதையும் கேட்காமல் இருந்தாள். ஆரோக்கியசெல்வியும் கேட்கவில்லை.

"நான் நிறுத்தினா அவளும் நிறுத்திட்டா. அவளுக்கு வேண்டியது என் மூளை."

"யா அல்லா" என்றான் ரயான்.

ஞாயிற்றுக்கிழமை அவனை ஸ்கூட்டரை எடுக்கவைத்துப் பக்கத்துக் கடலோர ஊரான அனுமந்தைக்குப் போனாள். விசாரித்ததில் அந்தப் பெயரில் ஊரில் ஒரே ஒருத்திதான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மரக்காணம் லைப்ரரிக்கு வர்றீங்களா?"

"லாரியாம்மா?"

"லைப்ரரி. மெக்னீசியம் பத்திப் படிக்க."

"யாரு அது?"

"உப்புல இருக்குற கசப்புங்க."

"ஓ, அதுவா! புது உப்புதாம்மா கசக்கும். அதப் போட்டா கருவாடு கெட்டுடும். ஆறு மாசம் குமிச்சி வச்சா கசப்புத்தண்ணி தானா வடிஞ்சிடும். அப்புறந்தான் அள்ளணும்."

ஷமீமா வெளிறிப்போனாள். அவளுடைய மூன்றாம் அத்தியாயத்தின் முடிவுரை அதுதான்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கா" என்றாள் திரும்பும் வழியில். "ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிறா."

"ஷமீமா, அந்தம்மாவுக்கு எழுத்தே தெரியாது. போன்ல வந்த மெசேஜைக்கூட என்னைத்தான் படிச்சிச் சொல்லச் சொன்னாங்க."

"அதைத்தான் நடிப்புன்றேன்!"

அன்றே அறக்கட்டளைக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினாள். போலி வாசகர் ஒருவர் ஆராய்ச்சியைத் திருடுகிறார், நூலகர் அதற்கு உடந்தை, கழுதைப் பல்லே சாட்சி. தன்னைப் பார்த்தால் தங்கராசு ஏன் வேர்த்து வழிகிறார் என்பதை விசாரிக்கும்படியும் கேட்டுக்கொண்டாள்.

அறக்கட்டளை பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டது. உறுப்பினர் அட்டையில் இருந்த கதவு எண்ணில் வீடே இல்லையென்று தபால் திரும்பி வந்தது. ஆரோக்கியசெல்வியின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். தங்கராசுவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

செய்தி கேட்டு ஷமீமா வீட்டில் பிரியாணி செய்தாள். ஆய்வேடு கொடுக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது, அது போதும். மறுநாள் காலையில் கடைசிப் படிவத்தை எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள்.

வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'போதிய வாசகர்கள் இல்லாததால் வெளி நூலகங்களிலிருந்து கட்டுரை பெறும் திட்டம் இன்று முதல் நிறுத்தப்படுகிறது.'

"என்ன சார் இது? எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு!"

தங்கராசு கிழிந்த புத்தகம் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"அவளை நீக்கின மறுநாளே மூடுறாங்கன்னா இது அவ வேலைதான். போறப்பவும் என்னைக் கெடுத்துட்டுத்தான் போயிருக்கா. அவளுக்கு என்மேல என்ன சார் கோபம்?"

அவர் அடுத்த பக்கத்துக்குப் பசை எடுத்தார். அலமாரிக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்த நூலகத்து ஆயா பாப்பாத்தி பொறுக்க முடியாமல் நிமிர்ந்தாள்.

"அப்படி ஒருத்தி இருந்தாத்தானே மேடம்? ரெண்டு பேராவது கேட்டாத்தான் ஸ்கீம் ஓடும்னு ரூலு, கேக்குறது நீங்க ஒருத்தர்தான், அதான் உங்களுக்காக சாரே இன்னொரு பேர எழுதிக்கிட்டு வந்தாரு."