பீங்கான் பல்லும் பிரவீனாவும்

முன்பல் போனதில் எனக்குக் கவலையே இல்லை. புதுப் பல் வைக்கும்போது என் மனைவி பிரவீனா கூடவே வந்துவிடக் கூடாது. அதுதான் கவலை.

ஒரகடத்தில் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். கம்பெனிக்குப் போன ஷேர் ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. என் வாய் முன்கம்பியில் மோதியது. பல் டாக்டர் தசரதன் வாயைப் பார்த்ததும் கேட்டார்: "சிகரெட் எத்தனை வருஷமா?"

மற்ற பற்களில் அவ்வளவு கறை. கல்யாணத்தோடு விட்டுவிட்டதாகப் பிரவீனாவிடம் சத்தியம் செய்திருந்தேன். நைட் ஷிஃப்ட் அதில் சேராது என்பது என் எண்ணம்.

"டாக்டர், அவ கேட்டா டீக் கறைன்னு சொல்லிடுங்க. குடும்பம் நடக்கணும்."

பரிதாபப்பட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்த முறை அவளும் கிளம்பிவிட்டாள். "நீ எதுக்கு?" என்றேன்.

"தெனம் அந்தப் பல்லைப் பாக்கப்போறது நீங்களா, நானா?"

டாக்டர் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் வாயருகே வைத்துப் பார்த்தார். கடைசியில் பழுப்பாக ஒன்று பொருந்தியது.

"இன்னா டாக்டர், இவ்ளோ பழுப்பா கீது?"

"மத்த பல்லோட சேரணுமே. டீக் கறைம்மா."

"டீயா?"

"டீயேதான்!" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் திட்டவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"பீங்கான் பல்லு கறை புடிக்குமா டாக்டர்?"

"புடிக்காதும்மா."

"அப்போ மத்த பல்லையெல்லாம் சுத்தம் பண்ணிட்டு, நல்லா வெள்ளையா ஒண்ணு வெச்சிடுங்க."

என்ன தாராளம்! தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் டீத்தூள் டப்பாவைப் பக்கத்து வீட்டு மீனம்மாளிடம் கொடுத்துவிட்டாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"டீயாலதான கறை? இனிமே வூட்லயும் கம்பெனியிலயும் உங்களுக்குப் பால்தான். புதுப் பல்லு வெள்ளையாவே இருக்கும். பக்கத்துப் பல்லு மட்டும் கறுத்துச்சுன்னா, அது டீ இல்ல. இன்னான்னு அப்போ பேசிக்கலாம்."

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எவ்வளவு யோசித்தும் அவள் பரிசோதனையில் ஓர் ஓட்டை கிடைக்கவில்லை.

இப்போது டீயும் இல்லை, சிகரெட்டும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வாசல் வெளிச்சத்தில் நின்று பல்லைக் காட்ட வேண்டும். அவள் பார்த்து முடிக்கும்வரை வாயை மூடக் கூடாது.

மீனம்மாள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: "பொண்டாட்டியைக் கண்டாலே அந்தப் புள்ளைக்கு வாயெல்லாம் பல்லு!"