முள்ளம்பன்றிக்குத் தம்பி இருந்தானா

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகன் என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தையல்கார முள்ளம்பன்றி பொய் சொன்னது என்று சொல்லிவிட்டார். நடந்த தவறு இதுதான். இதை முதலில் இறக்கி வைத்துவிட்டால் மற்ற மரியாதைகளை நிதானமாகச் செய்யலாம் என்று நினைத்தேன். இப்போது கேட்கிறேன்: தாங்களும் தங்கள் மனைவியாரும் பெயிண்ட் கடையும் நலம்தானே? இங்கே நான் நலம். என் மனைவியும் மகளும் நலமாக இருக்கக்கூடும். சில நாட்களாக இருவரும் என்னோடு பேசுவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அனிமேஷன் படம். அதில் ஒரு முள்ளம்பன்றி தையல் கடை வைத்திருக்கிறது. தன் முதுகு முள்ளையே பிடுங்கி ஊசியாக்கித் தைக்கிறது. கடைசியில், ஒரே ஒரு முள் மிஞ்சியிருக்கும்போது அதையும் பிடுங்கி எலிக்குட்டிக்குக் கொடுத்துவிட்டு, "எனக்குன்னு கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல, நீயே வச்சுக்கோ" என்று சொல்கிறது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் நாள் முழுக்கப் பிறருடைய பற்களோடு வாழ்கிற என் மகளும், லிஃப்ட் பழுது பார்க்கிற உங்கள் மகனும் அறிமுகமானதே இந்தப் படத்தின் ரசிகர் குழுவில்தான். கல்யாணம் வரை வந்ததும் அதனால்தான். ஆகவே அந்த முள்ளம்பன்றி ஒரு வகையில் நம் இரு குடும்பத்துக்கும் பெரியவர்.

இப்போது அதே கம்பெனிக்காரர்கள் இன்னொரு படம் எடுக்கிறார்கள். இது முதல் படத்துக்கு முன்னால் நடந்த கதையாம். பின்னால் வருகிற படத்தில் முன்னால் நடந்தது வந்தால், முன்னால் வந்த படம் என்ன ஆவது என்று மகளிடம் கேட்டேன். "அது அப்படியேதான்ப்பா இருக்கும்" என்றாள். அப்படியானால் நாம் முதலில் பார்த்தது இரண்டாவதா என்று கேட்டேன். "ஆமா" என்றாள். அப்போது இரண்டாவதாகப் பார்க்கப்போவது முதலாவதா என்று கேட்டேன். "ஏம்ப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். இல்லைதான். ஆனாலும் எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல என்பது தங்களுக்குத் தெரியும். பழைய புத்தகக் கடையில் வேலை பார்த்து, விற்காமல் கிடந்த புத்தகங்களைப் படித்துத் தேறியவன். எந்தக் கதையிலும் முதல் பாகம் விற்றுவிடும், இரண்டாம் பாகம் என் கைக்கு வரும். என் அறிவு முழுவதும் இரண்டாம் பாக அறிவு. அதனால் எனக்கு என்ன குறைந்துவிட்டது? கதை தொடங்கும்போதே ஒருவன் சிறையில் இருந்தால், இருக்கட்டும் என்று மேலே படித்துக்கொண்டு போவேன். முன்கதையைத் தோண்டுகிறவர்களுக்குப் பின்கதை நிம்மதியாக அமையாது என்பது என் சொந்த அனுபவம். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தார். அழைப்பிதழின் மாதிரியை எங்களிடம் காட்டத்தான் வந்தார். வந்த இடத்தில் புதுப் படத்தின் டிரெய்லர் வெளியாகிவிட்டது என்று மகள் ஃபோனை நீட்டினாள். இரண்டு தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன. அதில் இளவயது முள்ளம்பன்றியின் கடையில் இன்னொரு சின்ன முள்ளம்பன்றி உட்கார்ந்து பித்தான் தைக்கிறது. பெரியதைப் பார்த்து, "அண்ணே" என்கிறது.

"என்ன இது, தம்பியா? கூடப்பிறந்தவங்களே இல்லன்னு அவரே சொன்னாரே" என்றாள் மகள்.

"சொன்னார். அதுக்காக இல்லன்னு ஆயிடுமா?" என்றார் மாப்பிள்ளை.

"கதை எழுதினவங்க மறந்துட்டாங்க. அவ்வளவுதான்."

"மறக்கல. அவர் பொய் சொல்லியிருக்கார். ஏன் சொன்னார்னு காட்டத்தான் இந்தப் படமே."

"முள்ளம்பன்றி பொய் சொல்லாது" என்று நான் இடையில் சொன்னேன். இது முக்கியமான கருத்து. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொந்தத் தம்பிய யாராவது இல்லன்னு சொல்லுவாங்களா? உங்க வீட்டுல சொல்லுவாங்களா?" என்று மகள் கேட்டாள்.

மாப்பிள்ளை அழைப்பிதழைக் கீழே வைத்தார். பிறகு, "எங்கப்பா சொன்னாரே. இதே ரூம்லதான் சொன்னார். எனக்கு ஒரு சித்தப்பா இருக்கார்" என்றார்.

டீ கொண்டுவந்த என் மனைவி பாதி வழியில் நின்றுவிட்டாள். பேச்சு இப்படித் தடம் மாறுகிறதே என்று நான்தான் சமாளித்தேன். "அது இருக்கட்டும் மாப்பிள்ளை, பித்தான் விஷயத்துக்கு வாங்க. முதல் படத்துல அந்தக் கடையில பித்தானே கிடையாது, எல்லாம் நாடா" என்றேன்.

"ஏங்க, உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?" என்றாள் மனைவி.

எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. தாங்கள் முதல் சந்திப்பில் எங்கள் கூடத்தில் அமர்ந்து, "நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை" என்று சொன்னதும் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் தங்களுக்குத் தம்பி இருப்பது தங்கள் சொந்த விஷயம். முள்ளம்பன்றிக்குத் தம்பி இருப்பது அப்படியல்ல. அது எல்லோருக்கும் பொதுவான விஷயம். இந்த வித்தியாசம் என் வீட்டுப் பெண்கள் இருவருக்கும் புரியவில்லை. "தம்பியையே மறைச்சவங்க இன்னும் எதையெல்லாம் மறைச்சிருக்காங்களோ. எனக்கு இது தெளியற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம்" என்று மகள் அழைப்பிதழை உறையில் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டாள். அவரும் டீயைக் குடிக்காமல் போய்விட்டார். யார் எதற்காக யார்மீது கோபப்படுகிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. நான் கோபப்பட்டது சரியான காரணத்துக்காக என்பது மட்டும் தெரிந்தது.

சரி, பெரியவனாகப் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று மறுநாள் மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். ஒரு துணிக்கடைக் கட்டடம். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே லிஃப்டைக் காணோம். கீழே குழியில் டார்ச் வெளிச்சத்தில் மாப்பிள்ளை கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மேலே நின்று, முதல் படத்தில் கூடப்பிறந்தவர் பேச்சு வரும்போது முள்ளம்பன்றியின் கண்ணைப் பார்த்தீர்களா, பொய் சொல்கிற கண்ணா அது என்று கேட்டேன்.

"மாமா, தள்ளி நில்லுங்க. விழுந்துடாதீங்க" என்று குழியிலிருந்து குரல் வந்தது.

"பதில் சொல்லுங்க மாப்பிள்ளை."

"பொய் சொல்றவங்க கண்ணு வேற மாதிரியா இருக்கும்? சித்தப்பா பேரை எடுத்தா எங்கப்பா சாப்பாட்டுல இருந்து எந்திரிச்சுடுவார். அப்பவும் அவர் கண்ணு சாதாரணமாத்தான் இருக்கும்."

பிறகு அவர் குழிக்குள்ளிருந்தே முழுக் கதையையும் சொன்னார். தாங்களும் தம்பியும் சேர்ந்து கடை நடத்தியது, ஒரு வக்கீல் வீட்டுக்கு வெளிர் மஞ்சள் கேட்டபோது வீடு முழுவதும் இருமல் மருந்து நிறத்தில் போய் முடிந்தது, கலவையைக் கலந்தது நீ, இல்லை நீ என்று இருவரும் அந்த வக்கீல் முன்னாலேயே சண்டை போட்டது, அன்றிலிருந்து பேச்சு நின்றது, எல்லாம். எனக்குப் பின்னால் லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு கூட்டமும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் முறத்தளவு கைப்பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "யாருங்க கலந்தது?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். முள்ளம்பன்றியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் படத்தை நானே மறுபடி போட்டுப் பார்த்தேன். முள்ளம்பன்றி பொய் சொல்லவில்லை. ஆகவே என் முடிவு இது. முள்ளம்பன்றிக்குக் கூடப்பிறந்தவர் கிடையாது என்று மாப்பிள்ளை என் கையில் எழுதித் தர வேண்டும். தந்தால்தான் கல்யாணம். மகளின் காரணம் வேறு, என் காரணம் வேறு. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம். அவள் என்னோடு பேசாதது ஒன்றுதான் குறை.

தங்கள் இல்லத்தில் எல்லோரும் உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருக்க வேண்டும் என்று, இத்தனைக்குப் பிறகும், மனதார வாழ்த்தும்

தங்கள் சம்பந்தி (இப்போதைக்கு)

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் ஆள் சத்தம். தங்கள் தம்பி வந்திருக்கிறார். மாப்பிள்ளை அனுப்பினாராம். தங்களைப் போலவே நெற்றி, தங்களைவிடக் கொஞ்சம் பேச்சு. உட்கார்ந்ததும் நான் முள்ளம்பன்றி விஷயத்தைக் கேட்டேன். படத்தை அவரும் பார்த்திருக்கிறார். "தம்பியெல்லாம் இல்லைங்க. அந்தக் கடையைப் பாருங்க, ஒரே ஒரு ஸ்டூல்தான் கிடக்கு. அண்ணன் தம்பி இருந்த கடைன்னா ரெண்டு கிடக்கும். எங்க கடையில இன்னும் ரெண்டு கிடக்கு, என்னோடது மேல பெயிண்ட் டப்பா அடுக்கியிருக்கு. போன வாரம்கூட ரோட்டுல நின்னு பார்த்துட்டுத்தான் போனேன்" என்றார். இத்தனை நாளில் என் கட்சிக்குக் கிடைத்த முதல் ஆள். என் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். இப்போது மாப்பிள்ளையோடு ஃபோனில் பேசுகிற சத்தம் கேட்கிறது. என் மனைவி என்னிடமே வந்து, "அவருக்குச் சர்க்கரை போடலாமான்னு கேளுங்க" என்றாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கல்யாணம் உண்டு. மாப்பிள்ளை எதையும் எழுதித் தர வேண்டாம், அழைப்பிதழை மட்டும் திரும்ப எடுத்து வர வேண்டும். அதில் தங்கள் பெயருக்குக் கீழே தம்பியின் பெயரை அச்சுக்காரர் சேர்க்க வேண்டும், எழுத்து சிறிதாகாமல். புதுப் படம் வரும் நாளில் என் மகள் நான்கு டிக்கெட் எடுக்க வேண்டும், எனக்கும் தங்கள் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை, நாங்கள் உள்ளே உட்கார்ந்தே எதிர்ப்பைத் தெரிவிப்போம். கலவையைக் கலந்தது யார் என்று இனிமேல் ஒருவரும் கேட்கக் கூடாது, நான் உட்பட. நாளைக் காலையில் தங்கள் தம்பி கடைக்கு வர வேண்டும். கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. அதற்குள் அந்த இரண்டாவது ஸ்டூலின் மேல் இருக்கிற டப்பாக்களை இறக்கி வைக்க வேண்டியது தாங்கள்.