உராய்வில்லாத கப்பி

லிஃப்ட் மெக்கானிக் ஒரு சபதம் எடுத்தார். நுழைவுத்தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள். அதுவரை மகள் பகலில் கண்ணை மூடக்கூடாது. சொன்னதோடு நிற்காமல், அவள் மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

மகளோ மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. அன்று காலை அப்பாவின் ஷேவிங் கிரீமில் பல் துலக்கினாள். வாயெல்லாம் நுரை பொங்கியும் சூத்திரத்தை முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. பார்த்த மனைவி ஓடிவந்து அவள் வாயைக் கழுவிவிட்டாள். மெக்கானிக்குக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தனக்குக் கிடைக்காத படிப்பு அவளுக்காவது கிடைத்தே தீரவேண்டுமே.

"ரெண்டு மணி நேரம் தூங்கட்டுமே. பாவங்க" என்றாள் மனைவி.

"பரீட்சை முடியட்டும். நானே தாலாட்டுப் பாடுறேன்."

"சரி, சும்மா உக்காந்திருக்கீங்களே, இந்த மாடல் வினாத்தாளையாவது பாருங்க. ஏதோ கப்பி, கயிறுன்னு ஒரு கணக்கு. உங்களுக்குப் புரியாது, விடுங்க."

விடுவாரா? இருபத்திரண்டு வருஷமாகக் கப்பியோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"குடு இங்க."

'எடையில்லாத கயிறு ஒன்று உராய்வில்லாத கப்பியின் மேல் செல்கிறது.' கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எடையில்லாத கயிறா? எந்தக் கடையில விக்கிறாங்க?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"உராய்வு இல்லேன்னா கயிறு வழுக்கும். நாலாவது மாடிக்குப் போறவன் போய்ச் சேர்ற இடமே வேற."

"அதானே. எழுதி வைங்க. நீங்க கேக்காம வேற யாரு கேப்பா?"

எழுதினார். படம் போட்டார், அம்புக்குறி போட்டார், அடியில் எச்சரிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஏழாவது பக்கத்தில் நிமிர்ந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது.

மகள் மேஜை மேலேயே கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்துக்கு அடியில் தலையணை, முதுகில் போர்வை. கைக்குழந்தையாக அவர் தோளில் தூங்கிய அதே முகம், அதே திறந்த வாய். எழுப்பப் போன கை அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

"எவ்வளவு நேரமா?" என்று கிசுகிசுத்தார்.

"மூணு மணி நேரம். நீங்க 'குடு இங்க'ன்னதிலேருந்து."

"நாளைக்கு இந்தப் பாச்சா பலிக்காது."

"நாளைக்கு வேற கணக்கு இருக்கு. லிஃப்ட் கயிறு அறுந்து விழுதாம். உள்ள ஒருத்தர் எடை மெஷின் மேல ஏறி நிக்கிறாராம். அவர் எடை எவ்வளவுன்னு கேக்கறாங்க."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். தூங்கும் மகளைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கையை நீட்டினார்.

"குடு இங்க."