மூணு செகண்டு அண்ணனின் முகம்

கொடைக்கானலில் ‘மூணு செகண்டு’ அண்ணனிடம் கேள்வி கேட்டு உடனே பதில் வாங்கிய மனிதப்பிறவி எவரும் கிடையாது. டிவி சேனல் ஒன்றுக்கு அவர் உள்ளூர் நிருபர். நான் அவருடைய கேமராமேன். ஸ்டுடியோவில் கேட்கிற கேள்வி மலையேறி வந்து சேர மூன்று வினாடி ஆகும். அதுவரை காதில் விரலை வைத்துத் தலையாட்டிக்கொண்டே நிற்பார். அந்தப் பழக்கம் அவருடைய ரத்தத்திலேயே ஏறிவிட்டது. டீக்கடையில் “சக்கரை போடவாண்ணே?” என்றாலும் காதில் விரல், தலையாட்டல், அப்புறம்தான் “ஆமாங்க, நிச்சயமா.”

“இன்னொரு தோசை வேணுமான்னு கேட்டா, வேணாம்னு சொல்றதுக்குள்ள அது தட்டுல விழுந்து ஆறிப்போயிரும்” என்பார் அவர் மனைவி.

பஸ் ஸ்டாண்டுக்குள் காட்டுமாடு புகுந்த அன்று, அது அவரை முறைத்துக்கொண்டு நிற்க, அவர் ஸ்டுடியோ கேள்விக்காகக் காத்து நின்றார். நான் ஓடிவிட்டேன்.

பிறகு ஒரு பெருமழையில் மண் சரிந்து, மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டை மூடியது. நாங்கள் போனபோது தோண்டிக்கொண்டிருந்தார்கள். நேரலை தொடங்கியது. “மீட்புப் பணிகள் எந்த நிலையில் இருக்கு?” என்றது ஸ்டுடியோ. சரியாக அப்போது, என் முதுகுக்குப் பின்னால், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை உயிரில்லாமல் வெளியே எடுத்தார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். கேமராவோ அண்ணனை மட்டும் பார்த்தது. மூன்று வினாடி போயிற்று. பத்தும் போயிற்று. காதில் வைத்த விரல் அப்படியே இருக்க, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

மறுநாள் வெள்ளனே அந்த முகம் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. படத்திலிருந்து மண்ணையும் மழையையும் வெட்டி எடுத்திருந்தார்கள். ‘மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?’ என்று மேலே எழுத்து, கீழே அண்ணன் முகம். ‘எப்பக் கல்யாணம்?’ அதற்கும் அதே முகம். ஒன்றைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அதைப் படம் பிடித்தவனே நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வாரக் கடைசியில் எங்கள் சேனலே அந்த மீம்களையெல்லாம் கோத்து, ‘டொய்ங்’ சத்தம் சேர்த்து, கலகலப்பு நிகழ்ச்சியில் போட்டது.

“புகார் சொல்லலாமாண்ணே?”

காதில் விரல். தலையாட்டல். “யாருகிட்டப்பா சொல்றது? செய்தி ஆசிரியரே எனக்கு அனுப்பிருக்காரு, சிரிக்கிற பொம்மை போட்டு.”

அடுத்த மழையில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கும் லயத்துக்கு மேலே, ரோட்டில் விரிசல் விட்டது. லயம் என்றால் ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய ஏழு வீடுகள். அண்ணன் நேரலையில் எச்சரித்தார். கீழே கமெண்ட் கொட்டியது: ‘அண்ணே, அந்த மூஞ்சியக் காட்டுங்க!’ லயத்திலும் போனில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மைக்கை என் கையில் திணித்துவிட்டுக் கீழே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் நின்ற ஒரு அம்மா கேட்டார்: “நெசமாவா சொல்றீங்க, இல்ல வீடியோவுக்கா?”

“நெசம் தாயி! வெரசா வாங்க! மண்ணுக்குள்ள இருந்து ஒரு பிள்ளைய எடுத்தத இந்தக் கண்ணால பாத்தவன் நான்.”

அவர் உடனே பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஏழு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் லயத்தில் பாதி மண்ணுக்குள் போயிற்று. யாரும் சாகவில்லை. அதனால் ஸ்டுடியோ அந்தச் செய்தியை எடுக்கவில்லை.

போன மாதம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். இரங்கல் சொன்னவர்கள் எல்லாரும் அதே முகத்தைத்தான் போட்டார்கள். கேலிக்கு இல்லை, அவர்களிடம் வேறு படம் கிடையாது.

“மாலை போட அது வேணாம் தம்பி” என்றார் அவர் மனைவி.

பழைய பதிவுகளைத் துழாவினேன். ஏதோ ஒரு நேரலைக்கு முந்திய துண்டு ஒன்று கிடைத்தது. தூறலில் நான் நடுங்கியிருக்கிறேன் போல, படம் ஆடுகிறது. அண்ணன் கழுத்து மஃப்ளரைக் கழற்றியபடி கேமராவை நோக்கி வருகிறார். “நீ சுத்திக்கப்பா, எனக்குக் குளிரல” என்று சிரிக்கிறார். பச்சைப் பொய், உதடு நீலம் பாரித்திருக்கிறது.

அந்தச் சிரிப்பைத்தான் பிரேம் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுச் சுவரிலும் ஒன்று மாட்டியிருக்கிறேன்.