இரண்டு செல்வநாயகிகள்

இணுவில் முருகேசருக்கு ஒரு செல்வநாயகியைச் சமாளிப்பதே பெரும்பாடு. செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு செல்வநாயகிகள் வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சேலை, ஒரே முறைப்பு.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரிப் பாக்கிறியள்? தேத்தண்ணியைப் பிடியுங்கோ."

முருகேசர் வலப்பக்கத்துச் செல்வநாயகியிடம் கையை நீட்டினார். தேத்தண்ணி இடப்பக்கத்துச் செல்வநாயகியிடம் இருந்தது.

காரணம் அவருக்குத் தெரியும். வெளியில் சொல்லத்தான் வழியில்லை.

எல்லாம் படலையால் வந்த வினை. பென்சன் எடுத்த கையோடு வாசலில் சங்கடப்படலை ஒன்று கட்டினார். படலைக்கு மேலே குறுக்குமரம், அதற்கு மேலே சின்னக் கூரை. எல்லாம் அவரே போட்ட பிளான். பார்க்க வடிவுதான். குனியாமல் போக முடியாது, அவ்வளவுதான். தபால்காரர் மூன்று தரம் இடிபட்டார். "அவர் அளவுக்கு மிஞ்சி வளர்ந்திட்டார்" என்றார் முருகேசர்.

சாவகச்சேரியிலிருந்து வந்த செல்வநாயகியின் தமையன் குணநாயகம் படலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குள்ளாலை ஆடுதான் போகலாம். இடிச்சுப்போட்டு இரும்பு கேற் போடும், மச்சான்."

முருகேசருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ரை தலை ஒருநாளைக்கு உதிலை இடிபட்டால், நீரே வந்து பிடுங்கும். நான் வாய் திறக்க மாட்டன்."

இரண்டு வருடம் அந்தத் தலை தவறாமல் குனிந்தது. கோயிலில்கூட அவர் அவ்வளவு பக்தியாகக் குனிந்ததில்லை. போன ஞாயிறு குறுக்குமரத்துக்கு நீலப் பெயின்ற் அடித்தார்கள். திங்கள் காலை சைக்கிளில் புறப்பட்டவர், பெயின்ற் எப்படி இருக்கிறது என்று தலையை நிமிர்த்திப் பார்த்தார். மிகக் கிட்டத்தில் பார்த்தார்.

கண்ணுக்குள் பூச்சி பறந்தது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். செல்வநாயகி தலையைத் துடைத்து, வீக்கத்துக்கு எண்ணெய் பூசிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அவர் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள்தான் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியது. கண்ணைச் சொன்னால் டொக்டர் வருவார், டொக்டர் வந்தால் தலை வரும், தலை வந்தால் படலை வரும். ஆகவே முருகேசர் ஒரு கணக்குப் போட்டார். தெரிவதை இரண்டால் பிரித்தால் விடை சரி. பன்னிரண்டு இடியப்பம் தெரிந்தால் ஆறு. இரண்டு நாள் கணக்குப் பிழைக்கவில்லை. வியாழன் காலை இல்லாத கோப்பை ஒன்றுக்குள் சொதியை ஊற்றினார். சொதி மேசையால் வழிந்து மடிக்கு வந்தது.

செல்வநாயகி முகம் வெளிறிப்போனாள். அரை மணித்தியாலத்தில் ஓட்டோவில் ஏற்றி, கண் கிளினிக்கில் கொண்டுபோய் இருத்தினாள்.

டொக்டர் இளம் பெண். விரல்களைக் காட்டினா. "ஐயா, எத்தினை?"

நாலு தெரிந்தது. "ரெண்டு."

"சரி. இது?"

"ஒண்டு."

"அதுவும் சரி."

முருகேசர் பெருமையோடு செல்வநாயகியைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தில் அவள் இல்லை.

டொக்டர் ஒரு மட்டையால் அவருடைய இடக்கண்ணை மறைத்துவிட்டு மறுபடியும் கேட்டா. "இப்ப?"

ஒற்றைக் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். முருகேசர் அதைக் கவனிக்கவில்லை. மூன்று விரல் தெரிந்தது. பழக்கதோஷத்தில் இரண்டால் பிரித்தார்.

"ஒண்டரை."

டொக்டர் மட்டையை இறக்கினா. "என்ரை அரை விரலை எங்கை கண்டனீங்கள் ஐயா? தலையிலை அடிகிடி பட்டதோ?"

"கிணத்தடியிலை வழுக்கினனான். கிணத்துக்கட்டிலை தலை கொஞ்சம் தட்டுப்பட்டது."

செல்வநாயகி கைப்பையைத் திறந்து ஒரு துணியை எடுத்து மேசையில் விரித்தாள். "டொக்டர், எங்கடை கிணத்துக்கட்டு வெறும் சீமெந்து. இவரின்ரை தலையிலை துடைச்ச துணி இது."

துணி நல்ல நீலமாக இருந்தது.

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீர்?" என்றார் முருகேசர்.

"நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கண்ணும் போச்சுது எண்டு தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே இழுத்துக்கொண்டு வந்திருப்பன்." முருகேசருக்கு உண்மையாகவே வெட்கமாகப் போய்விட்டது.

தலையை ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அடியில் மூளை அதிர்ந்ததால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்க மறந்துவிட்டன என்றா டொக்டர். பென்சில் முனையைப் பார்த்துச் செய்யக் கண் பயிற்சி தந்தா. கொஞ்சக் காலத்துக்குப் போட ஒரு கண்ணாடியும் எழுதினா.

"சைக்கிள் ஓடக் கூடாது. ஒரு மாசத்துக்குக் குனியவும் கூடாது."

"குனியாமல் நான் எப்பிடி வீட்டை போறது?" முருகேசர் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"நிமிர்ந்து போகலாம். திங்கக்கிழமையே அண்ணைக்குப் போன் பண்ணி ஒழுங்கு செய்திட்டன்" என்றாள் செல்வநாயகி.

ஓட்டோ வாசலில் நின்றது. வேலியோரம் நீல மரங்கள் அடுக்கிக் கிடந்தன. படலை இருந்த இடத்தில் குணநாயகம் அளவு நாடாவோடு நின்றார். முருகேசர் கண்ணுக்கு இரண்டு குணநாயகம்.

"வாரும் மச்சான், நிமிர்ந்து வாரும்" என்றன இரண்டு வாயும்.

முருகேசர் ஒரு கண்ணை மூடினார். ஒரு குணநாயகம் மறைந்தார். மற்றவர் அப்படியே நின்று சிரித்தார்.

முருகேசர் மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டார்.