சனிக்கிழமைத் தூண்டில்

இனிமேல் எங்கள் வீட்டுக்கு வேண்டிய மீனை நானே பிடித்து வருவேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு அறிவித்தேன்.

அறிவித்தேன் என்பது பெரிய சொல்தான். ஆனால் அன்று கதிரையிலிருந்து எழுந்து நின்று சொன்னேன். என் வீட்டில் நான் எழுந்து நின்று எதையாவது சொல்வது அரிது. பெரும்பாலும் எழுந்து நின்று கேட்பேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. என் மனைவி மாகிரட் சற்று முன்புதான் தன்னுடைய திட்டத்தை அறிவித்திருந்தாள். எங்கள் தேவாலயப் பங்குப் பெண்களும் பக்கத்து ஊரான வெள்ளைமணல் பெண்களும் சேர்ந்து துணிப்பை தைக்கிறார்கள். கடற்கரையில் பொலித்தீன் பொறுக்குகிறார்கள். அந்தக் காற்று எங்கள் வளவுக்குள்ளும் வீசிவிட்டது.

"இஞ்சேருங்கோ, இனி நாங்களும் பச்சையா வாழ வேணும்."

"வாழுவம்."

"பின்வளவில ஒரு பசளைக் கிடங்கு வெட்ட வேணும். குசினிக் குப்பை எல்லாம் அதுக்குள்ள போகும். பிறகு கத்தரி, வெண்டி, பயித்தை. கிணத்தடித் தண்ணியை வாழைக்குத் திருப்ப வேணும்."

"நல்ல யோசனை. ஆர் வெட்டுறது?"

"நீங்கள்தான். சனிக்கிழமை பின்னேரம் சும்மாதானே படுத்திருக்கிறியள்."

சும்மா என்று அவள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

நான் காணிக் கந்தோரில் எழுதுவினைஞன். வாரம் முழுவதும் எனக்கு மற்றவர்களின் எல்லைகள்தான் வேலை. அவனுடைய வேலி இவனுடைய காணிக்குள், இவனுடைய கிணறு அவனுடைய காணிக்குள். அப்படிப்பட்டவனுக்குச் சனிக்கிழமை பின்னேரம் எல்லையில்லாத ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சீனன்குடாவில் எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். கச்சான் காற்று உள்ளே வரும். நங்கூரம் போட்ட கப்பல் ஒன்று, போவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். நானும் அதனுடன் சேர்ந்து யோசிப்பேன். இருவரும் முடிவுக்கு வருவதற்குள் பொழுது பட்டுவிடும்.

அந்தப் பின்னேரத்தை மண்வெட்டிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆகவேதான் எழுந்து நின்றேன்.

"மாகிரட், நீர் சொல்லுறது சரி. ஆனா பச்சை வாழ்க்கை எண்டால் வளவோட நிக்கப்படாது. கடலுக்கும் போக வேணும். எஞ்சின் இல்லை, ஐஸ் இல்லை, பொலித்தீன் இல்லை. ஒரு தங்கூசி நூல், ஒரு தூண்டில் முள், ஒரு பனையோலை உமல். சனிக்கிழமைச் சனிக்கிழமை மீன் என்ர பொறுப்பு."

மாகிரட் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். நான் தொட்ட மீன்கள் எல்லாம் கறிச்சட்டியில் இருந்தவை.

"அப்ப பசளைக் கிடங்கு?"

"ரெண்டையும் ஒரு ஆள் செய்ய ஏலாதெல்லோ."

"சரி. கிடங்கை நான் வெட்டுறன். நீங்கள் கடலைப் பாருங்கோ."

இவ்வளவு எளிதாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் சனிக்கிழமை செருப்பைப் போடும்வரை இருந்தது. வேலிப் படலையைத் தாண்டியபோது போய்விட்டது.

கரையில் ஒரு பூவரச மரம் நிற்கிறது. அதன் வேரில் தலையை வைத்தால் கால் மணலில் படும். தங்கூசியின் ஒரு நுனியைக் கடலில் எறிந்துவிட்டு மறுநுனியை என் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டேன். மீன் இழுத்தால் விரல் எழும்பும். விரல் எழும்பினால் நான் எழும்புவேன். இதைவிடச் சூழலுக்கு இசைந்த மீன்பிடிமுறை உலகத்தில் இல்லை.

பூவரசம் பூ ஒன்று மஞ்சளாக என் மார்பில் விழுந்தது. அப்பால் தண்ணீர் பச்சை, அதற்கப்பால் நீலம், அதற்கும் அப்பால் பெயர் இல்லாத ஒரு நிறம். கொக்கு ஒன்று என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். எங்கள் இருவரில் யார் மீன் பிடிக்க வந்தவர் என்பதில் கொக்குக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விரல் அப்படியே இருந்தது. உமலும் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் வெள்ளைமணல் நிப்றாஸ் தன் தோணியை மணலில் ஏற்றினான். அவனிடம் ஒரு றெஜிபோம் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஐஸ் இருந்தது. ஐஸுக்குள் ஒரு பாரை இருந்தது.

"அண்ணன், தூண்டில்ல என்ன பட்டிச்சி?"

"உன்ர பெட்டிக்குள்ள இருக்கிற பாரைதான் பட்டது."

நிப்றாஸ் கெட்டிக்காரன். ஒரு கணம்தான் யோசித்தான்.

"வெளங்குது அண்ணன். நான் ஒத்தருக்கிட்டயும் சொல்ல மாட்டன்."

வீட்டில் மாகிரட் மீனை வாங்கிச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள். முதுகைத் தடவினாள்.

"மீன் என்ன இவ்வளவு குளிராக் கிடக்கு?"

"நல்ல ஆழத்தில இருந்து வந்தது."

"ஓம். ஆழத்தில குளிர்தான்."

அவ்வளவுதான். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எனக்கு முதுகு விட்டுப்போச்சுது. கிடங்கு வெட்டுறதெண்டால் லேசில்ல" என்றாள்.

என் நெஞ்சு இளகிவிட்டது. நான் படுத்திருந்த நேரமெல்லாம் இவள் மண்ணோடு மல்லுக்கட்டியிருக்கிறாளே. அன்று இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளை நானே கழுவினேன். கழுவிய பிறகு கிடங்கைப் பார்க்கப் போனேன். பின்வளவில் ஓரிடம் தென்னங்கிடுகு போட்டு மூடியிருந்தது.

"அதைத் திறந்துபோடாதைங்கோ. காத்துப் பட்டால் பசளை பழுதாப் போயிடும்" என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

பசளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நிப்றாஸின் பெட்டியில் சூடை மட்டும்தான் இருந்தது. விரல் நீளத்தில், வெள்ளி வெள்ளியாக, ஒரு குவியல்.

"டேய், சூடை வலையில படுற மீனெல்லோ. இதை ஒவ்வொண்டாத் தூண்டில்ல பிடிச்சனான் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

"இண்டைக்கு ஒங்களுக்கு இதுதான் அண்ணன் இரிக்கி."

"பின்னால துணியால மூடி இன்னொரு பெட்டி கிடக்குது?"

"அது வேற ஆளுக்கு."

வேறு வழியில்லாமல் சூடையை வாங்கினேன். வீட்டு வாசலில் எங்கள் மகள் மெலனி உமலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இவ்வளவையும் ஒரு முள்ளாலயோ பிடிச்சனீங்கள்?"

"ஓம் பிள்ளை. ஒண்டு முள்ளில பட்டது. மிச்சம் எல்லாம் அதைத் தேடிக்கொண்டு வந்தது. சூடை குடும்பமாத் திரியிற மீன்."

"பாவம்" என்றாள் மெலனி. யாரைச் சொன்னாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாகிரட் உமலை வாங்கிக்கொண்டாள். "எனக்குச் சூடைப் பொரியல் தின்ன ஆசையாக் கிடந்தது. கடவுளாப் பார்த்து உங்கட தூண்டில்ல விட்டிருக்கிறார்" என்றாள். அன்று முற்றத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். சூடை மொறுமொறுவென்று இருந்தது. துறைமுகத்தில் கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கிண்ணியாப் பக்கத்திலிருந்து பள்ளிவாசல் வாங்கோசை காற்றில் மிதந்து வந்தது. மெலனி என் மடியில் சாய்ந்துகொண்டு, கப்பல் விளக்கு எது, நட்சத்திரம் எது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. மாகிரட்டின் முதுகுவலிக்காக நானே எண்ணெய் சூடாக்கிக் கொடுத்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை இறால்.

"தூண்டில்ல ஒரு பழைய வலைத்துண்டு மாட்டினது. அதுக்குள்ள இருந்தது" என்றேன்.

"வலைத்துண்டு எங்க?"

"திரும்பக் கடலிலயே விட்டிட்டன்."

"கடலிலயோ? பச்சையா வாழுற ஆள் கடலுக்குள்ள குப்பை போடலாமோ?"

அதற்குத் தண்டனையாக, கிணற்றடியை நானே உரஞ்சிக் கழுவினேன். மாகிரட் படியில் இருந்து பார்த்தாள். கிடங்கு வெட்டின களைப்பு முகத்தில் தெரியவில்லை. முகம் குளித்துவிட்டு வந்தவளைப்போல இருந்தது. உழைப்பு ஒரு மனுசியை எவ்வளவு அழகாக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தது அந்தச் சனிக்கிழமை.

வழக்கம்போலப் பூவரச மரத்தடியில் படுத்து, காலை நீட்டி, பெருவிரலில் கட்டுவதற்காகத் தங்கூசியைத் தேடினேன். உமலுக்குள் இல்லை. சட்டைப்பையில் இல்லை. மணலிலும் இல்லை. தங்கூசி சுற்றிய போத்தலை வீட்டில் குசினி யன்னலில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்குத் திடுக்கென்றது. தூண்டில் வீட்டில் இருக்க, நான் மீனோடு போய் நின்றால் என்னவாகும்? சூடைக்குக் குடும்பக் கதை சொல்லலாம். இறாலுக்கு வலைத்துண்டுக் கதை சொல்லலாம். கையால் மீன் பிடித்தேன் என்றால் மெலனிகூட நம்பமாட்டாள். பிடிபட்டால் சனிக்கிழமை போய்விடும். மரம், கொக்கு, பெயர் இல்லாத நிறம் எல்லாம் போய்விடும். மண்வெட்டி வந்துவிடும்.

மாகிரட் பின்வளவில் கிடங்கோடு இருப்பாள். யன்னல் பக்கத்தால் பதுங்கிப்போய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையை அவ்வளவு வேகமாக நான் நடந்ததே இல்லை.

வேலி ஓரமாகக் குனிந்து வந்து மெல்லத் தலையைத் தூக்கினேன்.

பின்வளவில் மண்வெட்டிச் சத்தம் கேட்கவில்லை. கிடுகு ஒரு பக்கமாக எடுத்துவைக்கப்பட்டிருந்தது. கிடுகு இருந்த இடத்தில் கிடங்கு இல்லை. புல் இருந்தது. ஒரு பிடி மண்கூடக் கிளறப்படாத, நல்ல பசும் புல். அதற்கு மேலே இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் ஒரு பழைய மீன்வலை ஏணையாகக் கட்டியிருந்தது. ஏணைக்குள் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். வேப்பம்பூ அவள் தலையில் உதிர்ந்திருந்தது. அப்பால் துறைமுகம் முழுவதும் விரிந்து கிடந்தது. என் மரத்தடியிலிருந்து பார்ப்பதைவிட இங்கிருந்து கப்பல் நன்றாகத் தெரிந்தது.

கீழே மெலனி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்றபடி, ஒரு காலால் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ். அம்மா நித்திரை."

அந்த நேரம் பார்த்து மாகிரட்டின் கைத்தொலைபேசி அடித்தது. அவள் கண்ணைத் திறக்காமலே ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, நான் நிப்றாஸ். அண்ணன இன்னும் காணல்ல. நீங்க சொன்ன கணவாயத் துப்புரவாக்கி வச்சிரிக்கி. என்ன செய்ய?"

"வருவார் தம்பி. மரத்தடியில நித்திரையாயிருப்பார். எழுப்பாதைங்கோ. பாவம், கந்தோர் அலுப்பு."

"சரி அக்கா. போன கிழம இறால் எப்பிடி?"

"நல்ல இறால். உங்கட வீட்டில றுமானாவுக்குச் சொல்லுங்கோ, அவ தந்த வலை நல்ல உறுதியாக் கிடக்கு."

தொலைபேசி ஓய்ந்தது. நான் இருமினேன். மாகிரட் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"வந்திட்டியளோ?"

"உமக்கு எப்ப தெரியும்?"

"முதல் பாரையிலயே தெரியும். வாயில முள் பட்ட காயம் இல்லை. முதுகில வலைக்கண் பதிஞ்சு கிடந்தது. சரி, பிடிக்கிறதுதான் பொய், வாறதாவது நல்ல மீனா வரட்டும் எண்டு நிப்றாஸுக்குச் சொல்லி வைச்சனான்."

"அப்ப அந்தச் சூடை?"

"எனக்கு ஆசையாக் கிடந்தது எண்டு சொன்னனானெல்லோ."

"பசளைக் கிடங்கு?"

"அது துணிப்பை தைக்கிற நாங்கள் எல்லாரும் சேர்ந்து வெட்டிப்போட்டம், பொதுவா ஒண்டு. குப்பை எல்லாம் அங்கதான் போகுது."

"அப்ப ஏன் என்னை வெட்டச் சொன்னனீர்?"

மாகிரட் மற்றக் கண்ணையும் திறந்தாள். கோபம் இல்லை. காற்றில் ஏணை மெல்ல ஆடியது.

"வெட்டச் சொன்னால்தானே வெளிக்கிட்டுப் போவியள். நீங்கள் வீட்டில படுத்திருந்தால் தேத்தண்ணி கேப்பியள், கண்ணாடி எங்க எண்டு கேப்பியள், கப்பல் அசையுதோ எண்டு கேப்பியள். எனக்கும் வாரத்தில ஒரு பின்னேரம் வேணும்."

என்னுடைய முதுகு எண்ணெய், கோப்பைகள், கிணற்றடி எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. கோபப்படலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த நிழலும் காற்றும் கோபப்படுவதற்கு ஏற்ற இடமாக இல்லை.

"மாகிரட், இனி ஒளிவு மறைவு வேண்டாம். எல்லாம் வெளிச்சுப்போச்சுது. இந்த ஏணை பெரிசுதானே. அடுத்த சனியில இருந்து நானும் இதில ஒரு ஓரமா..."

"ஏலாது."

"கொஞ்ச நேரம்."

"மீன் என்ர பொறுப்பு எண்டு எழும்பி நிண்டு சொன்னது ஆர்?"

மெலனி குசினி யன்னலுக்குப் போய், தங்கூசிப் போத்தலை எடுத்து வந்து என் கையில் தந்தாள். நான் உமலைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் காலில் மாட்டினேன். படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து நித்திரைக் குரல் ஒன்று வந்தது.

"வரேக்க கடையில புளிக்கு நாலு தேசிக்காயும் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."