எதிர் சீட்டில் தூங்கியது நான் இல்லை

மாகறலில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் வீராசாமி அவர்களுக்கு, மானாம்பதியிலிருந்து தங்கை ஆதிலட்சுமி கைகூப்பி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே உங்கள் மாப்பிள்ளை பச்சமுத்து சுகம். அவருடைய போர்செட் மோட்டாரும் சுகம். என் சுகத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்காக, சென்னையில் இருக்கும் மகள் திவ்யா ஊட்டி மலை ரயிலில் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். மேட்டுப்பாளையத்தில் ஏறினோம். குட்டிப் பெட்டி, எதிரில் இருப்பவர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கிற சீட்டு, இன்ஜின் பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறது, ஜன்னலுக்கு வெளியே அருவியும் பாலமும் பள்ளத்தாக்கும், பெட்டியில் இருந்த சனமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது, உங்கள் மாப்பிள்ளை மட்டும் போனில், எங்கள் கழனியைப் பார்த்துக்கொள்ளும் வசந்த்குமாரிடம், "கரண்ட்டு வந்துச்சா? மோட்டாரு போட்டியா? கோடி கயனிக்குத் தண்ணி பாஞ்சுதா?" என்று கத்திக்கொண்டே வருகிறார். "இன்னாங்க, அந்த அருவியப் பாருங்க" என்றேன். "அது எங்க போவப் போவுது, நீயே பாரு" என்றார்.

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கக் காட்டுக்குள் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. பெட்டியில் கக்கூஸ் கிடையாது. "நான் போய்ட்டு வந்துடறேன், வண்டி கெளம்பினா கூப்புடுங்க" என்று சொல்லி இறங்கினேன். "ம்" என்றார். அந்த "ம்" எனக்கில்லை, வசந்த்குமாருக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. வரிசையில் நான்தான் கடைசி. கதவைத் திறந்தால் வாசலில் ஒரு குரங்கு, பல்லைக் காட்டுகிறது, வெளியே விடமாட்டேன் என்கிறது. அதைச் சமாதானம் பண்ணிவிட்டு ஓடி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஸ்டேஷன்காரர் ராஜாராம் கையை நீட்டி மறித்துவிட்டார். வளைவில் திரும்பும்போது ஜன்னலில் உங்கள் மாப்பிள்ளையின் தலை தெரிந்தது. காதில் போன்.

என் போன் சீட்டில் வைத்த பையில். ராஜாராம் தன் போனில் அவரைக் கூப்பிட்டார். எத்தனை தடவை போட்டாலும் வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே வந்தது. ஒருவழியாகக் கிடைத்ததும் நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க வீட்டம்மா இங்க ஸ்டேஷன்லயே நின்னுட்டாங்க."

"ராங் நம்பரு சார். எங்க வூட்டம்மா எதுருலதான் குந்திக்கினு கீது. சால்வைய போத்திக்கினு தூங்குது."

நான் போனைப் பிடுங்கி, "நான்தாங்க பேசறேன்!" என்றேன்.

 அதற்கு அவர் கேட்டார்: "அப்ப இது யாரு?"

யாரோ ஒரு மகராசி, பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்து ஜன்னலோரம் காலி என்று உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை அண்ணா, சிரிப்புதான் வந்தது. ராஜாராம்தான் பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கியே இரு. மத்தியானம் எறங்கற வண்டியில நானும் வந்துடறேன்" என்றார். இருந்தேன். ராஜாராம் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தார். மலையிலிருந்து வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தேன். உங்கள் மாப்பிள்ளை அதில் இல்லை. ராஜாராமின் போனில்தான் வந்தார். "ஊட்டி வரிக்கும் டிக்கெட்டு கீதே, வீணாப் பூடும். நீ கீய எறங்கி வூட்டுக்குப் போயிக்கினே இரு." இடுப்பில் சுருக்குப்பை இருந்ததால் ஊர் வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார், கையில் ஊட்டி வர்க்கி, போனில் பூங்கா முன்னால் நிற்கிற படம். வாசலிலேயே நின்று சொல்கிறார்: "செம குளிரு. நீ வந்திருந்தா தாங்கியிருக்க மாட்ட." அடுத்து, "மோட்டாரு ஓடுதா?"

மோட்டாரில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும், தூரத்து வரப்பில் நின்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற மனுஷன் அண்ணா இவர். எதிரில் தூங்குகிறவள் பெண்டாட்டியா இல்லையா என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, "தங்கமான பையன், அக்கம்பக்கம் பார்க்கவே மாட்டான்" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? உண்மைதான். பார்க்கவே இல்லை.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை மூட்டை முடிச்சோடு மாகறல் வருகிறேன், இனி அங்கேதான். பின்கட்டு அறையைக் காலி பண்ணி வையுங்கள். அண்ணிக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரையும் ஈஸ்வரன் காப்பாற்றட்டும், முக்கியமாக என்னை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ஆதிலட்சுமி

பி.கு: எழுதி முடித்துவிட்டு யோசித்தேன். இந்தக் கழனியில் நட்டதும் களை பறித்ததும் நான், நான் எதற்கு வர வேண்டும்? அறையைக் காலி பண்ணியே வையுங்கள், அவர் வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து பஸ் ஏற்றிவிடுகிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டார், இப்போதும் போனில்தான் இருக்கிறார். மோட்டாரை இனி நான் போட்டுக்கொள்கிறேன்.